மூன்றாம் படியில் ஒரு கறை

பீச் ஸ்திரீட்டில் பழைய கப்பல் கம்பெனிக் கட்டடம்.
இப்போது கீழே காப்பிக்கடை, மேலே யாருமில்லை.
தரையும் படியும் மட்டும் அன்றைய கல்,
சாம்பலில் கொஞ்சம் ஈரல் நிறம் கலந்தது.
எந்த ஊர்க் கல்லென்று எவருக்கும் தெரியாது.
கப்பல் ஆடாமலிருக்க அடியில் போட்டு வந்த பாரம் என்பார் காவலுக்கு நிற்கும் லிம்,
அவரும் யாரிடமோ கேட்டதுதான்.

பட்டர்வொர்த்தில் விடிகாலை ஃபெரி பிடித்து
பசியாறாத நாளிலும் மோப்பைப் பிடித்திருக்கிறேன்.
பதினோரு வருஷம்.
என் முகத்தைவிட இந்தத் தரையைத்தான் அதிகம் பார்த்தது.

மூன்றாம் படியில் ஒரு கறை.
நடுவிரல் நீளம், ஒரு முனை கூர்,
குறுக்கே குறுக்கே கோடு.
யாரோ சுருட்டை வைத்து மிதித்தாற்போல.
சவுக்காரம் போட்டேன், பிரஷ் போட்டேன்,
மண்டிபோட்டு முழங்கால் போனது, கறை போகவில்லை.
சூப்பர்வைசர் கமாருல் நகத்தால் சுரண்டிப் பார்த்து
"கோத்தோர்" என்று ஒரே சொல் எழுதினார் என் சீட்டில்.
அந்த மாதம் இருபது ரிங்கிட் குறைந்தது.

மறுவாரம் கழிவறை ஆசிட்,
ஒரு மூடி, ஒரே மூடிதான்.
கல் சோடாபோலச் சீறி நுரைத்தது.
கறை அப்படியே கிடந்தது.
பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக்
கல் வெளுத்துச் சொரசொரத்துப்போனது.
பூந்தொட்டியை இழுத்து மேலே வைத்தேன்.

இன்று சனிக்கிழமை.
பதின்மூன்று பிள்ளைகள், கழுத்தில் பூதக்கண்ணாடி.
கூட்டிவந்த சியூ யென்
வந்ததும் குப்புறப் படுத்துவிட்டாள்,
நான் இன்னும் கூட்டாத தரையில்.
பிள்ளைகளும் படுத்தார்கள்.
"கல்லுக்குள்ள செத்துப்போனத தேடுறோம் ஆண்டி" என்றான் ஒருவன்,
பென்சில் தொலைத்தவன் குரலில்.

அரை மணி நேரம். ஒன்றுமில்லை.
காய்ந்த கல் வாய் திறக்காது.
ஈரமிருந்தால் தெரியும் என்றாள் சியூ யென்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
என்னை இல்லை, மோப்பை.

ஒரே இழுப்பு.
கல் கறுத்தது. கறுப்புக்குள்ளிருந்து
வெளேரென்று எழுந்துவந்தது என் கறை,
அறை அறையாக, தடுப்புத் தடுப்பாக.
நம் சோத்தோங்குக்குத் தூரத்துச் சொந்தமாம்,
ஓட்டுக்குள் வாழ்ந்ததாம்,
நாற்பது கோடி வருஷமாம்.
எத்தனை சோத்தோங் சுத்தம் செய்த கை இது.
சம்பளத்தில் இருபது ரிங்கிட்
இதற்காகவா போனது?

அப்புறம் நான் நிற்கவில்லை.
தூணடியில் நத்தைபோல ஒன்று,
கதவு மறைவில் பல்சக்கரம் மாதிரி நாலு,
லிம் நாற்காலி போடும் இடத்தில்
உடைந்த சீப்பு மாதிரி என்னவோ.
எல்லாம் திட்டித் திட்டியே மனப்பாடம் ஆனவை.
நான் மோப்பை இழுக்க, பின்னாலேயே பிள்ளைகள்,
ஈரம் காயுமுன் வரையவேண்டும்,
நம்பர் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும்.
சறுக்கி விழுந்தான் ஹாஃபிஸ்,
விழுந்த இடத்தில் இன்னொரு பல்சக்கரம்.

பதினாலு ஆயிற்று.
பூந்தொட்டியை நகர்த்தியது யோகனிதா.
"ஆண்டி, இது என்ன பிராணி?"
வெளுத்த உள்ளங்கை.
சியூ யென் குனிந்தாள், விரலால் தடவினாள்,
தலையைத் தூக்கி ஒருதரம் என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

"அது நான்" என்றேன்.

யோகனிதா சிரிக்கவில்லை.
நோட்டில் கோடு போட்டு எழுதினாள்.
"வயசு?"
"அம்பத்தி நாலு."
மேலே வரிசையாகக் கோடிகள்,
அவற்றின் கீழே அதையும் எழுதி
பதினைந்தாம் நம்பரை ஒட்டினாள்.

கல் காயத் தொடங்கியது.
தொட்டியை யாரும் திரும்ப நகர்த்தவில்லை.
நானும்.