எடுக்காதது பதினொன்று

ஆரஞ்சு நிறப் பெயிண்ட் வாளிக்குள்
முந்நூற்றுப் பதினாறு பேர் சுருண்டு கிடந்தோம்.
ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று
முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டது.
இருபது சீட்டு. ஆளுக்கு மூன்று நாள்,
நாற்பது சங்கு.
தீவைச் சுற்றிய மஞ்சள் மிதவைக்கு உள்ளே
வருசத்தில் வேறு யாருக்கும் வழியில்லை.

ஒன்பது வருசம் பெயர் கொடுத்தேன்.
ஒன்பது வருசமும் கொடுத்தவன் என்று
வாளிக்குத் தெரியாது.
போன வருசம் விழுந்தது
பெரியபட்டினத்தில் புரோட்டா போடும் ஜகுபருக்கு.
அவனுக்கு ஆழம் என்றால் சால்னா அண்டா.

பத்தாவது வருசம் ஒலிபெருக்கியில்
'சேகு நைனா மகன் சீனி உதுமான்' என்றார்களாம்.
கேட்கவில்லை.
கலந்தர் விலாவில் இடித்த பிறகுதான் கையைத் தூக்கினேன்.
வலது காது போய்
இரண்டு வருசம் ஆகியிருந்தது.

விதி பதினான்கு: சீட்டுக்காரரே முங்க வேண்டும்.
மச்சானை இறக்கக் கூடாது, மகனை இறக்கக் கூடாது.
வள்ளத்தில் ஒரு துணை, ஒரு வனக்காவலர்.

காவலர் தர்மபுரிப் பக்கம், பெயர் மாதையன்.
யானை விரட்டியவராம்.
முதல் நாள் முழுக்க விளிம்பில் கவிழ்ந்து
காலையில் தின்ற இட்லியை மீனுக்குக் கொடுத்தார்.
அப்போதும் கையை விட்டுப் போகவில்லை
அந்தப் பித்தளை வளையம்.
வளையத்தில் நுழைந்தால் பிள்ளைச் சங்கு,
திரும்பக் கடலுக்கு.

சங்கு ஓடாது. ஆனால் போகும்.
மணலை உழுத மாதிரி தடம் இருக்கும்,
தாழைக்குள் மறையும், அந்தப் பக்கம் வரும்.
தடத்தின் கரை சரிந்திருந்தால் நேற்றையது.
கரை நின்றால் ஆள் பக்கத்தில்தான்.
இரண்டு பாகத்தில் இதைப் பார்த்துவிடலாம்.
மூன்று பாகத்தில் பல்லைக் கடித்துப் பார்க்கலாம்.
பெருஞ்சங்கு கிடந்தது நாலரையில்.

இரண்டாம் நாள் ஒரே ஒரு தடவை போனேன்.
காதுக்குள் ஆணி.
ஆணிக்குப் பின்னால் தண்ணீர்.
கீழே தடம் புதிதாக இருந்தது,
அதன் முனையில், இரண்டு கை சேர்த்தாலும் கொள்ளாதது ஒன்று,
எந்த அவசரமும் இல்லாமல்.
கை நீண்டபடியே இருக்க
உடம்பு என்னைக் கேட்காமல் மேலே வந்துவிட்டது.

கலந்தர் கயிற்றைச் சுருட்டினான்.
கழுத்தில் சிவப்பாக ஒரு நூல் இறங்கியிருக்கிறது;
எனக்குத் தெரியவில்லை.
மாதையன் தன் துண்டை நீட்டினார்.

மூன்றாம் நாள் மேட்டுப் பாரிலேயே சுற்றினேன்.
வாநீவாடும் இல்லை, சோநீவாடும் இல்லை,
ஊற்றி வைத்த எண்ணெயாய்க் கடல்.
நடுவில் அவர் முகக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார்.
தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டவர்
வாந்தியை மறந்து அப்படியே கிடந்தார்.
நிமிர்ந்து, "என்னங்க இது,
ரோடு ரோடா போட்டு வச்சிருக்குது" என்றார்.

கரையில் படிவம்.
அனுமதித்தது நாற்பது.
எடுத்தது இருபத்தொன்பது.
எடுக்காதது பதினொன்று.
காரணம் என்று ஒரு கட்டம்.
காது, என்றேன்.

பேனா நின்றது.
அந்த மேசையில் இன்னொரு படிவம் உண்டு, பச்சைத்தாள்.
உடல்தகுதி இல்லாதவர்கள்.
அதில் ஏறிய பெயர்
அப்புறம் வாளிக்குள் விழாது.

"என்ன சொன்னீங்க, காத்தா?"
"காது" என்றேன், கொஞ்சம் சத்தமாக.
"அதான், காத்து" என்றார்
என்னைவிடச் சத்தமாக,
வாசலில் நின்ற கலந்தருக்கும் சேர்த்து.
எழுதினார்: பலத்த காற்று.

வெளியே அலுவலகக் கொடி
கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

வள்ளத்தை மேடேற்றும்போது
வலப்பக்கம் நின்று கலந்தர் ஏதோ சொன்னான்.
அவன் தோள் குலுங்கியதை வைத்து
காற்றைப் பற்றித்தான் என்று தெரிந்தது.