தன்மை

வர்த்தூர் ஏரிக்குப் பின்புறம்,
இரண்டாம் அடித்தளம்.
பம்பு மூன்று நாள் இறைத்து
நேற்றிரவுதான் தரை தெரிந்தது.
தரை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.

பதினேழு கார்கள்.
எல்லாவற்றிலும் ஸ்டியரிங் உயரத்தில் ஒரே கோடு.
என் டேப்லட்டில் ஒரு கட்டம்:
இழப்பின் தன்மை.
வெள்ளம், வண்டல், கழிவு, மற்றவை.
ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

"கெசரு" என்றார் காவலாளி மஞ்சப்பா.
"கீச்சட்" என்றான் கார் துடைக்கும் பிந்தேசரி
மூக்கைத் தோளில் தேய்த்தபடி.
நான் தமிழ் எம்.ஏ.
காப்பீட்டுக்கு வந்து பதினோரு வருஷம்.
வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன்
கெசறு, கெசறு, சேறு.
எந்தக் காலத்திலோ யாருக்கோ
நாக்கு வழுக்கியிருக்க வேண்டும்.

பி நாற்பத்திரண்டு. அஷ்வினி காமத்.
கதவைத் திறந்ததும் இறங்கியது,
அவசரமே இல்லாமல்,
கிண்டி முடித்த கேழ்வரகுக் களி
தட்டில் சரிவதுபோல.
களி என்றால் மகிழ்ச்சியும்தான்.
அதை இங்கே சொல்ல வேண்டாம்.
குழந்தை இருக்கையின் வாரைப் பிடித்துக்கொண்டு
ஒரு நண்டு எங்களைப் பார்த்தது,
பெட்ரோல் போட்டது தான்தான் என்பதுபோல.

"தண்ணீரில் ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?"
ஆமென்றால் எஞ்சினுக்குப் பைசா கிடையாது.
"ஒரே ஒரு தடவை."
பிறகு, கதவின் ரப்பரைத் தடவிக்கொண்டே,
"எழுதிவிடுவீர்களா?"

அளறு என்று ஒரு சொல் இருக்கிறது.
சேறும் அதுதான், நரகமும் அதுதான்.
இரண்டில் எது முதலில் வந்தது என்று
தேர்வில் கேட்டார்கள்.
ஏதோ எழுதினேன். எட்டு மதிப்பெண்.

வெளிச்சத்துக்காக நகர்ந்தேன்.
இடது பூட்ஸ் வரவில்லை.
இழுத்தேன். கால் மட்டும் வந்தது,
சாக்ஸோடு, பளபளவென்று.
தூணைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கும்போதா
இலக்கண வகுப்பு ஞாபகம் வர வேண்டும்?
மதியம் இரண்டு மணி, கடைசி பெஞ்சு,
கரும்பலகையில் சேறு.
தன்மை ஒருமை, எதிர்கால வினைமுற்று.
செல்வேன் என்று பொருள்.

அன்றைக்கு வகுப்பே சிரித்தது.
நானும் சிரித்தேன்.

மஞ்சப்பா நண்டை பக்கெட்டில் போட்டு
சரிவுப்பாதையில் ஏறிப் போனார்.
பக்கெட்டுக்குள் நகம் கீறும் சத்தம்
மேலே போகப் போகக் குறைந்தது.

அஷ்வினி இன்னும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
விரல் திரைக்கு மேலே நின்றது.
"சேறு" என்றேன்.
அவளுக்கு கெசரு என்று கேட்டிருக்கும்,
தலையாட்டினாள்.

அடுத்தது பி நாற்பத்து மூன்று.
ஒரு பூட்ஸோடு நடந்தேன்.