பந்து வாவிக்குள் போன நான்கு நிமிடம்

முதற்தரப் பிரிவில் எங்களுக்கு எட்டாவது ஆட்டம்.
சின்ன உப்போடையில், பின்னேரம்,
ஐம்பத்தெட்டாம் நிமிடம்.
அவர்கள் ஆறு. நாங்கள் சைபர்.

நான்தான் அடித்தேன் அந்தப் பந்தை.
குறி ஒன்றும் பார்க்கவில்லை,
எங்கள் பெட்டியை விட்டுப் போனால் போதும் என்று
இடக்காலால், கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி.
மிச்சத்தைக் கச்சான் காற்று பார்த்துக்கொண்டது.
வாகை மரத்துக்கு மேலால்
கம்பிவேலிக்கு மேலால்
நேரே வாவிக்குள்.

இரண்டாவது பந்துக்கு முதற்பாதியிலேயே காற்றுப் போய்விட்டது.
மூன்றாவது பந்து
சங்கத்துக்கு நாங்கள் அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது,
மைதானத்தில் இல்லை.

நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
பிறகு தண்ணீரைப் பார்த்தார்.
விதிப் புத்தகத்தில் வாவிக்கென்று
ஒரு பக்கமும் இல்லைப்போல.

"நிண்டா கால் பிடிக்கும், ஓடுங்கோ!" என்றார் கோச்.
ஒருத்தியும் ஓடவில்லை.
ஹஸ்னியா இரவு முழுக்க
கார்மெண்ட்ஸில் கொலர் தைத்துவிட்டு
ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்தவள்;
புல்லில் மல்லாந்து படுத்து
வானத்துக்கு லீவு கொடுத்தாள்.

அவர்களோ நேற்றே வந்தவர்கள்.
திரைச்சீலை போட்ட பஸ், ஐஸ் பெட்டி,
தசைப்பிடிப்புக்குத் தனியாக ஒரு ஆள்.
ஆனாலும் ஒன்பதாம் இலக்கக்காரி,
நாலு கோல் அடித்தவள்,
என் பக்கத்தில் வந்து குந்தினாள்.
"வத்துர" என்றாள்.
படுத்தபடியே ஹஸ்னியா போத்தலை எறிந்தாள்.

குடித்து முடித்து சப்பாத்தைக் கழற்றினாள்.
பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
நானும் கழற்றினேன்.
என்னுடையது இரண்டும் கறுப்பு.
அதிலாவது நான் முன்னுக்கு.
பிறகு அவள் தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டி
என்னைச் சுட்டிக் கேட்டாள் ஏதோ.
மூன்றாம் கோலுக்கு முதல் நான் இழுத்ததைத்தான்.
"சத்தியமா நான் இல்ல" என்றேன் தமிழில்.
பொய் அவளுக்கு விளங்கியது.
சிரித்தாள்.

அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்த தோணிக்காரர்
துடுப்பால் பந்தைத் தொட்டார்; விலகியது.
திரும்பவும் தொட்டார்; விலகியது.
எங்கள் நடுக்களத்தைப் பார்த்ததுபோல் இருந்தது.
கடைசியில் குனிந்து, இரு கையாலும் அள்ளி
மீனுக்கு மேல் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்:
"ஆருகா வெல்லுற?"

யாரும் வாய் திறக்கவில்லை.
ஆறு தடவை வலைக்குள் குனிந்து பந்தெடுத்த டிலோஜா
கம்பத்தில் சாய்ந்தபடி கத்தினாள்:
"இன்னும் முடியல்ல!"

ஏழாவது, எழுபத்தோராம் நிமிடம் விழுந்தது.
நனைந்த பந்து, பாரம், கையை மீறி.
அதை அடித்ததும் ஒன்பதுதான்.
இந்தமுறை சட்டை எட்டவில்லை எனக்கு.

தொண்ணூறு முடிந்ததும் நடுவர்
வாவி தின்ற நாலு நிமிடத்தையும் கூட்டித் தந்தார்.
தோற்கிறவர்களுக்கு ஏன் இந்தத் தருமம் என்று
கோச் முகத்தைத் துடைத்தார்.

அந்த நாலு நிமிடமும் பந்து
அவர்கள் பாதியை விட்டு வரவில்லை.
ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.
கோல் இல்லை.
ஒரு கோர்ணர் கிடைத்தது,
இந்த லீக்கில் எங்களுடைய முதல் கோர்ணர்.

ஹஸ்னியா கொடிக்கு நடந்து போகவில்லை, ஓடினாள்.
பந்தை வைத்தாள்.
தையலுக்குள் ஒட்டியிருந்த மீன்செதிலை
நகத்தால் சுரண்டி எறிந்தாள்.
கையை உயர்த்தினாள்.