ஒழுகும் இடம்

மாதவரம் யார்டில் எடைக்குப் போகவிருந்ததை
ஒரு லட்சத்து அறுபதுக்கு வாங்கி வந்தான் அல்போன்ஸ்.
சினிமாக்காரர்களின் பழைய கேரவன்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
நாற்பது நிமிஷம் கயிற்றில் நின்று
சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு
பின்பக்கம் முதலாக எங்கள் தெருவுக்குள் நுழைந்தது.
பாதி எங்கள் வாசல்,
பாதி கார்ப்பரேஷன் இடம்,
ஒரு முழம் பிலோமினாவின் ஜன்னல்.

உள்ளே
ஊறின செருப்பு, எலி, முகப்பவுடர்
மூன்றும் சேர்ந்த வாடை.
இடுப்புயரத்தில் சுற்றிலும் ஒரு கோடு:
வெள்ளம் வந்து நின்ற இடம்.
எங்கள் வீட்டுச் சுவரிலும் உண்டு அது,
மூன்று கோட்டிங் அடித்தும்
கார்த்திகையில் வேர்த்துக் காட்டும்.

முதலில் வெள்ளத்தின் மேல்தான் பழி போட்டோம்.
பிளைவுட்டை நெம்பியபோதுதான் தெரிந்தது,
கீழிருந்து வந்தது கொஞ்சம்.
மேலே ஏசி வைத்த ஓட்டையின் ஓரமாக
வருஷக்கணக்கில் இறங்கிய சொட்டுதான்
சட்டத்தைத் தின்றிருந்தது.
தொட்டேன்.
டீயில் மறந்துபோன பொறையாக
விரலோடு வந்தது மரம்.

துறைமுக கேட்டில்
மூன்று நாள் டிரெய்லரோடு வரிசையில் நிற்பவன் அவன்.
ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே
மடங்கி மடங்கிப் படுத்தவன்.
"காலை நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு வண்டி,
அதுல நீயும்" என்றான்.
எங்கே போக, என்றேன்.
"மொதல்ல ஒழுகாம இருக்கட்டும்."

அவன் வரிசையில் நின்ற நாட்களில்
நான் ரிவெட் அடித்தேன்.
காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக் கணக்கு முடித்து
உடைந்த மீன்பெட்டித் தெர்மாகோலைச் சுமந்து வந்து
சுவருக்குள் திணித்தேன்.
இப்போதும் உச்சி வெயிலில்
இடதுபக்கச் சுவரில் வஞ்சிரம் மணக்கும்.

கண்ணாடி மட்டும் அப்படியே.
சுற்றி ஒன்பது பல்பில் நான்கு எரிகிறது,
ரசம் போய்க் கறுத்த திட்டுகள்,
யாரோ ஒட்டிவிட்டுப் போன மெரூன் பொட்டு.
என் நெற்றி அதில் பொருந்த
குதிகால் தூக்க வேண்டியிருக்கிறது.
பெயர் தெரியாத உயரக்காரி.
சுரண்ட மனம் வரவில்லை.

சிலிகான் பூசி, தார் ஷீட் ஒட்டி
எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.
முடிந்ததா என்று எப்படித் தெரியும்?
கூரைமேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்.
லாரித் தண்ணீருக்கு
குடம் வரிசை போட்டிருக்கும் தெருவில்
யார் முன்னால் ஏறி நின்று ஊற்றுவது?

ஆகவே மழைக்குக் காத்திருந்தோம்.

"ஊரே மழை வேணாம்னு வேண்டிக்கினு கீது,
நீங்க ரெண்டு பேர் மட்டும்
வானத்தப் பாத்துக்கினு கீறீங்க" என்றாள் பிலோமினா.
உண்மைதான். வெட்கமாக இருந்தது.
மறுபடியும் பார்த்தேன்.

வந்தது, ஒரு செவ்வாய் இரவு.
அவன் கேட்டுக்கு வெளியே, எழுபதாவது வண்டி.
நான் டார்ச்சோடு உள்ளே.
போனில் கேட்டான்: "சொட்டுதா?"
இல்லை.
பத்து நிமிஷம் கழித்து, "இப்ப?"
இல்லை.
அவன் கேபினில் விழுந்த மழையும்
என் கூரையில் விழுந்த மழையும்
போனுக்குள் ஒரே இரைச்சல்.

இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாள் பிலோமினா.
இடுப்பில் தையல் மெஷினின் தலை,
பின்னால் பாவாடை நனைந்த இரண்டு பெண்கள்.
அவள் வீட்டில் இரண்டாம் படி முழுகியிருந்தது.
பிள்ளைகள் அல்போன்ஸின் கட்டிலில்
காலை நீட்டிப் படுத்தன, அவனுக்கு முன்னால்.
மெஷினை மேஜையில் வைத்தாள்,
மேலே தன் முந்தானையை விரித்தாள்.

மூன்றரை இருக்கும்.
டொக்.

இரண்டு பேரும் மெஷினைப் பார்த்தோம்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
இரும்பைத் துடைத்துவிட்டு
ஸ்டூல்மேல் ஏறினாள்,
ஜாக்கெட்டுக்குள்ளிருந்த தையல் சாக்கை எடுத்து
கூரையில் வட்டம் போட்டாள்.
"இங்கதான்."

போன் அடித்தது.
சொட்டுது, என்றேன்.
குழந்தை பிறந்ததைச் சொல்லும் குரல்
எனக்கு எங்கிருந்து வந்ததோ.
எங்க, எங்க, என்று அவன் கேட்கும்போதே
லைன் அறுந்தது.

மெஷினை நகர்த்திவிட்டு
அந்த இடத்தில் டம்ளரை வைத்தாள் பிலோமினா.
எண்ணினோம்.
நிமிஷத்துக்கு நான்கு.