உடும்புக்கு வசனம் கிடையாது

ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து. இரண்டு வரிதான்.
புள்ளியும் கொம்பும் கணக்கில் சேரும் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

பள்ளி விடுமுறை வந்தால் எனக்குக்
கால் ஒடிந்த மிருகங்களின் சீசன்.
இந்த மாதம் ஒரு நரிக்குட்டி, ஒரு பருந்து,
வலையில் மாட்டிய கடற்சிங்கம்.
பிள்ளைக்கு எப்போதும் அம்மாவோ அப்பாவோ இல்லை.
பத்தாம் நிமிடத்தில் ரத்தம், அதுவும் கொஞ்சமாக.
இருபதில் பெயர் வைப்பார்கள்.
எழுபத்தொன்றில் காட்டின் விளிம்பு.
பிள்ளை அழுதுகொண்டே கத்தும்: போ!
அது நாலடி நடந்து திரும்பிப் பார்க்கும்.
திரும்பிப் பார்க்காத ஒன்றைப்
பதினொரு வருஷத்தில் நான் எழுதியதில்லை.

அந்தப் 'போ'தான் எனக்குத் தகராறு.
கடன் கேட்க வந்தவனைக்கூட நாம் அப்படி அனுப்புவதில்லை.
'போயிட்டு வா' என்று போடுவேன்.
"திரையில அரை வினாடிதான் நிக்கும், அமுதமொழி. நீளம் லா,"
என்று எடிட்டர் பின்பாதியை வெட்டிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை
துவாஷினி மேகி அட்டைப்பெட்டியோடு
பதினாலு மாடி ஏறி வந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை.
செந்தூல் பெரிய கால்வாய் ஓரம்
மோட்டார் ஏறிய பின்னங்கால்.
முழங்கை நீள உடும்பு.
நாற்றம் அதைவிட நீளம்.

கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
கறிக்கு என்ன விலை என்றார்.
காக் சூரையா வாசலிலேயே நின்று "பியாவாக்கா!" என்று
கதவைச் சாத்தினார். அரை மணி கழித்து
கோழிக் கழுத்து கொண்டுவந்து வைத்தார்.

இமை மயிர் கிடையாது. குட்டிக்குரல் கிடையாது.
தடவிக் கொடுக்க ஓர் இடம் கிடையாது.
மூன்று பெயர் வைத்துப் பார்த்தாள், எதற்கும் திரும்பவில்லை.
இரட்டை நாக்கை நீட்டி
எங்கள் குளியலறையை ருசி பார்த்தது, அவ்வளவுதான்.

உடும்புப் பிடி என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்,
வில்லனுக்கு, மாமியாருக்கு, ஒரு தடவை வங்கிக்கு.
அர்த்தம் என் கட்டைவிரலில் ஏறியது
ஐந்தாம் நாள் கட்டு மாற்றும்போது.
கிளினிக்கில் எண்பத்தைந்து ரிங்கிட்.
"எதுல கடிச்சது?" என்றார் டாக்டர்.
கதவில் நசுங்கியது என்றேன். பல் தடத்தைப் பார்த்து
அவர் மேலே கேட்கவில்லை.

படத்தில் இல்லாத அப்பா எங்கள் வீட்டில் இருந்தார்.
இரவெல்லாம் கிராப் ஓட்டிவிட்டு வந்து
திட்டிக்கொண்டே டைல்ஸ் தேய்த்தார், பத்தொன்பது நாள்.
இருபதாம் நாள் காலை, அவர் காரின் பூட்டில்
பெட்டி. மகள் மடியில் இன்னொரு முட்டை.

கோம்பாக் ஆற்றின் சிமெண்டுச் சரிவு.
பெட்டியைச் சாய்த்தாள்.
அசையவில்லை.
மேலே ரயில் போனது. இன்னொன்று போனது.
கணவர் போனைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்,
யாருக்கோ ஒரு சவாரியை வேண்டாம் என்று தள்ளினார்.
இசை எதுவும் வரவில்லை.

பிறகு கிளம்பியது, கோணல் காலை இழுத்துக்கொண்டு,
பக்கவாட்டில், அவசரமே இல்லாமல்.
முட்டையைக்கூட முகரவில்லை.
வால் கடைசியாக நனைந்தது.

நான் அவள் வாயையே பார்த்திருந்தேன்.
வெட்கக்கேடு, விரல் எழுத்து எண்ணத் தயாராக இருந்தது.

"போயிட்டு வராத," என்றாள். கொஞ்சம் யோசித்து,
"ரோட்டுப் பக்கம் மட்டும்."

திங்கட்கிழமை நரிக்குட்டியிடம் திரும்பினேன்.
எழுபத்தொன்றாம் நிமிடம்.
படத்தை நிறுத்தக் கட்டைவிரலால் அழுத்தினால்
இன்னும் சுள்ளென்கிறது.
கண்ணாடி மாதிரிக் கண்ணோடு
அது என்னைத் திரும்பிப் பார்த்தபடி நிற்கிறது.
கீழே இரண்டு வரி
காலியாக.