வெலிங்டன், இரண்டாம் ஜாமம்

பூட்ஸுக்கு எச்சில் பாலிஷே உத்தமம் என்பான்.
துப்பாக்கி கழற்ற
ஹவில்தாருக்கே வகுப்பெடுப்பான்;
பலன், எங்கள் எல்லோருக்கும் தவளை ஓட்டம்.
முழங்காலைப் பிடித்து உட்கார்ந்தால்
அதற்கும் ஒரு தைலம் சொல்வான்
தவசிமுத்து.

"காட்டெருமையா? அசையாம நில்லு.
மரம்னு நெனச்சுப் போயிரும்."

நேற்று ராக்காவலில்
தேயிலைச் சரிவிலிருந்து ஏறி வந்தது,
விளக்கில்லாத லாரி போல.
நாங்கள் மூவரும் சுவர்மேல்.
கீழே அவன், மரம்.
மோந்தது. அவன் தொப்பியில்
ஒருமுறை மூச்சுவிட்டது.
குப்பைத்தொட்டிப் பக்கம் போய்விட்டது.

இறங்கினோம்.
சொன்னேன்ல என்று ஆரம்பிப்பான் எனக் காத்திருந்தோம்.
பல் கிட்டியிருந்தது.
கால்சட்டையைப் பார்த்தோம்.
"பனி," என்றான்.

யாரும் மறுக்கவில்லை.
ஆமாண்டா, இந்த ஊர்ப் பனி
இடுப்புக்குக் கீழேதான் பெய்யும்.