எட்டிலிருந்து நாலரை வரை

கல்மண்டபத்தில் வாங்கி வந்த மீன் பையை
இன்னும் பிரிக்கக்கூட இல்லை.
அதற்குள் போன மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம்
ஒரு ஊரை வரைய ஆரம்பித்துவிட்டார்.

சின்ன ஊர். ஜப்பானில்.
பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்,
நாக்கில் நிற்காமல் வழுக்கிப் போகிறது
நெத்திலிக் குஞ்சு மாதிரி.
கப்பல் காலை எட்டுக்குக் கட்டும்.
நாலரைக்கு ஏணியைத் தூக்கிவிடுவான்.

சீட்டு எடுத்த பணம், பணிக்கொடையில் மிச்சம்,
எண்ணூரில் விலைபோகாமல் கிடந்த அரைக் கிரவுண்டு,
எல்லாம் சேர்ந்து பத்து நாள் கப்பலாகிவிட்டது.
நாத்தனார் அஞ்சுகம் கேட்டாள்:
காசிக்குப் போகக்கூடாதா?
போகலாம். காசியில் கப்பல் நிற்காது.

முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
அவர் கொக்கி எத்தனையோ கப்பல்களின்
வயிற்றுக்குள் போய் வந்திருக்கிறது.
அவர் போனதில்லை.
கப்பல் என்றாலே அவருக்கு அவசரம்:
மணிக்கு எத்தனை பெட்டி,
ஏன் பதினெட்டு, ஏன் இருபத்தைந்து இல்லை.
ஓய்வு பெற்ற பிறகும் தூக்கத்தில் வலது கை
போர்வையின்மேல் நெம்புகோல் தள்ளும்.

முதல் திட்டமும் அப்படித்தான் வந்தது.
எட்டு இருபது இறங்குதல். எட்டே முக்கால் பேருந்து.
பத்தரை கோட்டை. பன்னிரண்டு பத்து மீன் காட்சிசாலை.
"பெட்டி எறக்குற மாதிரி என்னை எறக்குறீங்க" என்றேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று கோட்டையை அடித்தோம்.
போக இரண்டு மணி, வர இரண்டு மணியாம்.
நம்ம ஊர்க் கோட்டையையே
பஸ் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன்.
மறுநாள், கரண்ட் போன நேரத்தில், மீன் காட்சிசாலை.
காசிமேட்டில் பிறந்தவளுக்கு மீனைக் காட்டக்
காசு கேட்கிறான்.
கோயில் ஒன்று மிஞ்சியது. நூற்றெண்பது படி.
அவர் முழங்காலைப் பார்த்தேன்.
அதுவும் போனது.

பிறகுதான் அது கண்ணில் பட்டது:
துறைமுக வாசலிலேயே, காசில்லாமல்,
கால் மட்டும் ஊறவைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி.
சுற்றிலும் மரப்பலகை.
வெந்நீர் பூமியிலிருந்து தானாகவே வருகிறதாம்,
ராத்திரி பகல் நிற்காமல்.
தண்ணீர் லாரிச் சத்தத்துக்குக் காது கொடுத்தே
பாதி ஆயுளைக் கழித்தவள் நான்.
அதை மறுபடி படிக்கச் சொன்னேன்.

பித்தவெடிப்புக் காலை அந்நியர் முன்னால் நீட்டலாமா
என்ற கவலை ஒரு வாரம் இருந்தது.
அப்புறம் நீலக் கரைத் துண்டு ஒன்றை மடித்தேன்.
பெட்டிக்குள் முதலில் போனது அதுதான்.

மதியத்துக்கு ஏதாவது ஒரு கடை.
பெரிய கிண்ணத்தில் நூடுல்ஸ் கொடுப்பார்களாம்.
பீச் ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டே
அத்தோ தின்ற வாய் இதற்கா பயப்படும்?

நேற்று ராத்திரி எக்ஸ்பிரஸ் ரோட்டில்
கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் வரை நின்றுவிட்டன.
ஹாரன் சத்தத்தில் தூக்கம் போயிற்று.
மொட்டைமாடியில், என்னைப் பார்க்காமல் கேட்டார்:
"அந்த ஊர்ல கிரேன் இருக்குமா?"
"இருந்தா?"
"மேல கூண்டுல ஒருத்தன் உக்காந்திருப்பான்.
கப்பல்ல வர்றவங்க கடலப் பாப்பாங்க, மலையப் பாப்பாங்க.
அவனப் பாக்க மாட்டாங்க.
ஒரு தடவ கையத் தூக்கிக் காட்டணும்."
"சின்ன ஊரு. இல்லாமக்கூட இருக்கலாம்."
"அப்ப நேரம் மிச்சம்" என்றார்.

தாளில் பன்னிரண்டுக்குக் கீழே
எல்லாம் வெள்ளையாக இருக்கிறது.
நாலரையின்மேல் ஒரு கொசு
வந்து உட்கார்ந்திருக்கிறது.
அடிக்கவில்லை.